புகையும் நெருப்பும்: லாரிப் பட்டறையின் தர்க்கம் குறித்துச் சில குறிப்புகள்

1

தமிழ்நாட்டில் மோட்டார் வாகனத்தின் வரலாறு என்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் முதலாளிகளின் வரலாறு. மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார், கோவையில் ஜி.டி. நாயுடு, சென்னையில் சிம்சன் என்று பெயர்கள் வரிசையாக வரும். எந்த ஆண்டில் எந்தக் கம்பெனி எந்த வெளிநாட்டுக் கம்பெனியோடு கூட்டு வைத்தது என்பது வரும். ஒரு இயந்திரத்தின் கதை அது தொழிற்சாலை வாசலைத் தாண்டும் தேதியோடு முடிந்துபோகிறது. அதற்குப் பிறகு முப்பது வருஷம், நாற்பது வருஷம் அது ரோட்டில் ஓடுகிறது. ஓடவேண்டுமென்பதற்காக யாரோ அதைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பூட்டுகிறார்கள். இந்த நாற்பது வருஷத்துக்கு வரலாறு இல்லை. உற்பத்திக்கு வரலாறு உண்டு, பழுதுக்கு இல்லை என்ற இந்த ஏற்பாடு தற்செயலானதல்ல. உற்பத்தி மூலதனத்தின் செயல் என்றும், பழுதுபார்ப்பு கூலியின் செயல் என்றும் நாம் பிரித்து வைத்திருப்பதன் விளைவு இது.

இக்கட்டுரை ஒரே ஒரு பழுதை எடுத்துக்கொள்கிறது. பழைய டீசல் லாரியில் இஞ்சின் தாளம் தப்பி ஓடுவது; பட்டறைச் சொல்லில் மிஸ்ஸிங். எங்கள் பக்கத்தில் அதை வினையாக்கிச் சொல்வார்கள்: ‘வண்டி மிஸ்ஸடிக்கு.’ ஆங்கிலச் சொல்லுக்கு இல்லாமை, தவறுதல் என்பவை பொருள். அதோடு ‘அடி’ என்ற தமிழ் வினை சேரும்போது இல்லாமையே ஒரு செயலாகிவிடுகிறது. மணி அடிக்கிறது, வெயில் அடிக்கிறது என்பதுபோல இங்கே இல்லாதது அடிக்கிறது. பட்டறையில் உருவான இந்தக் கூட்டுவினை பழுதைப் பற்றி ஒரு கருத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. பழுது என்பது ஏதோ ஒரு பாகம் காணாமற்போன நிலை அல்ல, காலத்தில் நடக்கும் ஒரு நிகழ்வு. எப்போது நடக்கிறது, எப்போது நடக்கவில்லை என்று கேட்டால்தான் அது பிடிபடும்.

2

மயிலாடியை வெளியூர்க்காரர்கள் இரண்டு காரணங்களுக்காக அறிந்திருக்கலாம். ஒன்று, 1806-இல் இங்கு வந்து சேர்ந்த ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபே. அவரை அழைத்துவந்தவர், பறையர் சமூகத்தில் பிறந்து கிறித்தவரான மகாராசன் வேதமாணிக்கம். தென் திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தத் திருச்சபை ஆலயம் 1809-இல் இங்கு எழுந்தது. எழுத்து மறுக்கப்பட்டிருந்தவர்களின் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கப் பள்ளிக்கூடமும் வந்தது. இரண்டாவது, கல்சிற்பம். ஊருக்குள் நுழையும்போதே உளிச்சத்தம் கேட்கும். இப்போது அதோடு கல்லறுக்கும் மிஷினின் இரைச்சலும் சேர்ந்திருக்கிறது.

மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கவேண்டும் என்பது என் கருத்து. கல் தானாக நடந்து வராது. பாறையை ஏற்றிக்கொண்டு வரவும், முடிந்த சிலையைக் கொண்டுபோகவும் லாரி வேண்டும். கல் ஏற்றும் வண்டிகள் பெரும்பாலும் பழைய வண்டிகள். புது வண்டியில் யாரும் முதலில் கல் ஏற்றமாட்டார்கள். ஆகவே எழுத்து, உளி இரண்டுக்கும் பக்கத்தில் ஸ்பேனரும் இந்த ஊரின் வரலாற்றைச் சேர்ந்ததுதான்.

உளிக்கும் ஸ்பேனருக்கும் ஓர் உறவும் உண்டு. சிற்ப மரபு கல்லை ஆண் கல், பெண் கல், அலிக் கல் என்று பிரிக்கிறது. தட்டிப் பார்த்து, எழும் ஓசையைக் கொண்டே பிரிப்பது. மணிபோல ஒலிப்பது மூர்த்திக்கு, ஓசை வேறானது பீடத்துக்கு, ஓசையற்றது அடித்தளத்துக்கு. உள்ளே கீறல் உள்ள கல் தட்டும்போது மொத்தையாக ஒலிக்கும். பக்கத்திலேயே சுசீந்திரம் கோயிலில் தட்டினால் சுரம் எழும் இசைத்தூண்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத உள்ளை ஓசையால் அறிவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. அதனால் ‘மயிலாடி மெக்கானிக்கின் காது சிற்பியின் காதிலிருந்து வந்தது’ என்று எழுத ஆசை வரும். அந்த ஆசையை நான் ஏன் மறுக்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

3

இந்தப் பக்கத்துச் சாலைகளில் டீசல் இஞ்சின் பெருவாரியாக வந்ததற்கு ஒரு தேதி சொல்லலாம். 1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறையைச் சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கிவைத்தார். லண்டன் போக்குவரத்து நிறுவனத்திலிருந்து வரவழைக்கப்பட்ட ஈ.ஜி. சால்ட்டர் அதன் கண்காணிப்பாளர். இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான 60 காமர் சேசிஸ்கள். அவற்றில் பெர்க்கின்ஸ் டீசல் இஞ்சின். திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரிச் சாலை அரசு வண்டிகளுக்கானதாயிற்று.

இந்தத் தேதியை மற்றொரு தேதியின் அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பர் 12. இரண்டுக்கும் இடையே பதினைந்து மாதம். அதற்குப் பத்து வருஷம் முன்பு, 1926-இல், சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்று சாதி தீர்மானித்த ஒரு நாட்டில், டிக்கெட் வாங்கியவன் உட்காரலாம் என்ற விதியோடு ஒரு வண்டி வந்தது. வண்டி சாதியை ஒழித்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வண்டி கெட்டு நின்றபோது அதன் அடியில் படுத்து எண்ணெய் குளிக்க யார் முன்வந்தார்கள் என்ற கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது. கல்லுக்கும் மரத்துக்கும் பொன்னுக்கும் இரும்புக்கும் பரம்பரை சொல்லிக்கொண்ட சாதிகள் இருந்தன. டீசல் பம்புக்கு எந்தச் சாதியும் பரம்பரை சொல்லிக்கொள்ள முடியாது. அது எல்லோருக்கும் புதியது.

இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் பங்கீட்டுக்கு உட்பட, தமிழ்நாட்டில் பஸ்கள் கரிவாயுவில் ஓடின. மதுரை டி.வி.எஸ். இதற்கான வாயுக்கலன்களைத் தயாரித்தது. வண்டியின் பின்னால் கரி அடுப்பு; காற்றுவிசிறியைச் சுற்ற ஒரு பையன். புத்தகத்தில் இல்லாத பழுதுகளோடு மல்லுக்கட்டிய ஒரு தலைமுறை அப்போது உருவாயிற்று.

பிறகு வந்தது உள்நாட்டு உற்பத்தி. 1948-இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அது அசோக் லேலண்ட். 1954-இல் டெல்கோ, டைம்லர்-பென்ஸுடன் கூட்டு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. 1969-இல் கூட்டு முடிந்து, முகப்பிலிருந்த மூன்றுமுனை நட்சத்திரம் போய் ஆங்கில ‘டி’ எழுத்து வந்தது. 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ, பாஷ் தொழில்நுட்பத்தில் டீசல் பம்பும் நாசிலும் செய்தது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது இங்கே சாலைகளின் நிர்வாகம் மாறியது. பட்டறையின் பேச்சு மாறவில்லை. ஒரு பக்கம் மலையாளம் கலந்த ‘ஆசான்’, மறுபக்கம் ஆங்கிலத்திலிருந்து வந்த ‘எலிமென்ட்’, ‘டப்பெட்’, ‘கேஸ்கெட்’. வர்ம வைத்தியனும் ஆசான், பட்டறைத் தலைவனும் ஆசான். நோய் அறிபவனுக்கு இந்த வட்டாரம் தந்திருக்கும் பெயர் அது.

4

பெட்ரோல் இஞ்சினில் பொறி வைக்கப் பிளக் உண்டு. டீசலில் அது கிடையாது. 1890களில் ருடால்ஃப் டீசல் செய்த காரியத்தின் சாரமே அதுதான். காற்றை மட்டும் பதினாறு, பதினேழு மடங்குக்குச் சுருக்கினால் அதன் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் எண்ணெயைத் தூறலாகப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே டீசல் இஞ்சின் ஒழுங்காக எரிய மூன்று போதும்: சரியான அழுத்தம், சரியான எண்ணெய், சரியான நேரம். மிஸ்ஸிங் என்பது இந்த மூன்றில் ஒன்று தவறுவது.

பழைய லாரி இஞ்சினில் ஆறு சிலிண்டர். எரியும் வரிசை 1-5-3-6-2-4. வண்டி நின்ற இடத்தில் நிமிஷத்துக்கு 600 சுற்று ஓடுகிறதென்றால் விநாடிக்கு முப்பது எரிப்பு. ஒரு சிலிண்டர் செத்துப்போனால் விநாடிக்கு ஐந்து இடைவெளி விழும். முப்பதை யாரும் எண்ண முடியாது. எண்ணவேண்டியதில்லை, ஒழுங்கு குலைவதைக் காது உணர்ந்துகொள்ளும். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை இஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பது பட்டறையில் அன்றாடம் நடப்பது. பாரிஸில் லென்னெக் என்ற மருத்துவர் 1816-இல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதற்கும் இதற்கும் கோட்பாட்டளவில் வேறுபாடில்லை. லென்னெக் செய்தது மருத்துவ வரலாற்றில் ஓர் அத்தியாயம். மற்றது வெறும் பழக்கம் எனப்படுகிறது.

ஆனால் காது சொல்வது ‘தவறுகிறது’ என்பதை மட்டும்தான். எது தவறுகிறது என்பதை அறியப் பட்டறை வேறொன்று செய்கிறது. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நாசிலுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். முதல் சிலிண்டரைத் தளர்த்தியதும் இஞ்சினின் வேகம் விழுந்தால் அந்தச் சிலிண்டர் நல்லது. அது வேலை செய்துகொண்டிருந்தது, நாம் நிறுத்தியதால் வேகம் விழுந்தது. எதைத் தளர்த்தியும் ஒரு மாற்றமும் இல்லையோ, அதுதான் ஏற்கெனவே செத்தது. அதன் பிறகு, அந்த நாசிலைக் கழற்றிப் பக்கத்துச் சிலிண்டரிலும், பக்கத்துச் சிலிண்டரின் நாசிலை இதிலும் மாற்றிப் பூட்டுவார்கள். பழுது நாசிலோடு இடம் மாறினால் குற்றவாளி நாசில். மாறாமல் அங்கேயே நின்றால் பம்பின் எலிமென்ட்டோ, வால்வோ, ரிங்கோ, கேஸ்கெட்டோ. ஒன்றைத் தவிர எல்லாம் அப்படியே இருக்க, அந்த ஒன்றை மட்டும் மாற்றி விளைவைப் பார்ப்பது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் தன் தர்க்க நூலில் வேறுபாட்டு முறை என்று இதைத்தான் வகுத்தார். பட்டறையில் இதற்குப் பெயர் ‘மாத்திப்போட்டுப் பாக்கது.’

5

கல் ஏற்றும் ஒரு வண்டியின் கதையைச் சொல்கிறேன். நான் அந்தப் பட்டறைக்குப் பலநாள் போய் உட்கார்ந்திருந்தது சொற்களைக் குறித்துக்கொள்ள. அந்த வண்டி மூன்று மாதத்தில் நாலாவது தடவையாக அங்கே வந்து நின்றது. ஏற்றத்தில் இழுவை இல்லை, தாளம் தப்பும், வெள்ளைப் புகை தள்ளும். வேறு வேறு இடங்களில் நாசில் ஆறும் சர்வீஸ் செய்தாயிற்று. பம்பு இறக்கி டெஸ்ட் பெஞ்சில் வைத்து அளவு பிடித்தாயிற்று. ஹெட்டைத் திறந்து கேஸ்கெட் மாற்றியாயிற்று. ஒவ்வொரு தடவையும் வண்டி நாலைந்து நாள் ஒழுங்காக ஓடும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

ஆசான் நட்டுகளைத் தளர்த்திப் பார்த்தார். ஆறுக்கும் வேகம் விழுந்தது. ஆறும் நல்லது என்றால் தவறுவது எது? இஞ்சினைக் கொஞ்சநேரம் ஓடவிட்டுத் திரும்பப் பார்த்தபோது மூன்றாவது செத்ததுபோலக் காட்டியது. இன்னொரு தடவை ஐந்தாவது. பழுது ஊர் சுற்றியது. ஒரே சிலிண்டரில் நிற்காத பழுது எந்தச் சிலிண்டருடையதும் அல்ல. ஆறுக்கும் பொதுவான ஒன்றினுடையது. பொதுவானது எண்ணெய் வரும் வழி. ஃபில்டரின் ஏர் ஸ்க்ரூவைத் திறந்து கைப்பம்பை அடித்ததும் டீசலோடு நுரை வந்தது. காற்று புகுகிறது. டேங்கிலிருந்து ஃபீட் பம்பு வரைக்கும் உள்ள வழியில் எண்ணெய் உறிஞ்சப்பட்டு வருகிறது, தள்ளப்பட்டல்ல. இந்த வழியில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது; காற்று உள்ளே போகும். வெளியே கறை இல்லாத ஓட்டை. அதனால்தான் மூன்று மாதமாக யார் கண்ணிலும் படவில்லை.

ஹோஸ் மாற்றினார்கள், செம்பு வாஷர்கள் மாற்றினார்கள். நுரை நின்றது. இரண்டு நாளில் வண்டி திரும்ப வந்தது. டிரைவர் கோபத்தில் இருந்தார். ‘இந்தச் சவத்த எங்கயாவது தள்ளிவிட்டுரலாம் ஆசானே’ என்றார். அப்போது ஆசான் டிரைவரை விட்டுவிட்டு, டயரில் சாய்ந்துகொண்டிருந்த கிளீனர் பையனிடம் கேட்டார்: ‘லேய், எப்பம்லே அடிக்கு? காலையிலயா, சாயங்காலமா? ஏத்தத்திலயா, எறக்கத்திலயா? சும்மா ரோசிச்சு சொல்லு.’ பையன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: ‘எண்ண அடிச்சு வரும்ப ஒண்ணும் கெடையாது ஆசானே. பாதிக்குக் கீழ எறங்குனாத்தான் சனியன் தொடங்குகு.’

அதோடு கதை முடிந்தது. ஆசான் ஒரு கேனில் டீசலை நிறைத்து, டேங்க்கைத் துண்டித்துவிட்டுக் கேனிலிருந்தே இஞ்சினை ஓட்டினார். அரைமணி நேரம், ஒரு தடவைகூடத் தவறவில்லை. டேங்கில் பாதிக்குக் குறைவாக வைத்து ஓட்டினார், தவறியது. நிறைத்து ஓட்டினார், தவறவில்லை. டேங்க்கினுள் இறங்கும் உறிஞ்சு குழாயைக் கழற்றினால், நடுவாக்கில் மயிரிழைக் கீறல். எண்ணெயில் மூழ்கியிருக்கும்வரை அந்தக் கீறலும் எண்ணெயைத்தான் உறிஞ்சும். மட்டம் அதற்குக் கீழே போனதும் காற்றை உறிஞ்சும். ஒவ்வொரு பட்டறையிலும் வேலை முடிந்து வெள்ளோட்டத்துக்கு டேங்க்கை நிறைத்தார்கள். அதனால் ஒவ்வொரு வைத்தியமும் பலித்ததுபோலத் தோன்றியது. செலவு, ஒரு பற்றவைப்புக் கூலி.

நான் வழக்கமான பாராட்டைச் சொன்னேன், ஆசானின் காதைப் பற்றி. அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. ‘சாரே, காதுன்னு பெரிசா ஒண்ணும் கெடையாது. கேக்கணும், மாத்திப்போட்டுப் பாக்கணும். பழைய ஆளுவ எல்லாத்தயும் மாத்துனாவ. ஒண்ணா மாத்துனா எதுனால சரியாச்சுன்னு எப்பிடித் தெரியும்?’

6

தமிழில் தர்க்கம் படித்தவர்களுக்குப் புகையும் நெருப்பும் பழகிய உதாரணம். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் பௌத்தத் தர்க்கம் விரிவாக வருகிறது. மலையில் தெரியும் புகையைக் கொண்டு நெருப்பை ஊகிப்பதும், அதற்குச் சமையலறையை எடுத்துக்காட்டுவதும் அங்கே உண்டு. அதே காதை ஏதுப் போலிகளையும் வகுக்கிறது. அவற்றில் ஒன்று, தெரிவது ஆவியா பனியா என்று ஐயப்பட்டுக்கொண்டே அதைப் புகை என்று வைத்து நெருப்பைத் துணிவது.

லாரிப் பட்டறையின் புகைச் சாத்திரம் இந்த இடத்தில் பழைய தர்க்கத்தைச் சந்திக்கிறது. கரும்புகை என்றால் எண்ணெய் அதிகம், காற்று போதவில்லை, பாதி எரிந்தது. நீலப்புகை என்றால் இஞ்சின் ஆயில் உள்ளே புகுந்து எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கலாம். சூடான இஞ்சினில் வெள்ளைப்புகை என்றால் டீசல் எரியவே இல்லை. சூட்டில் ஆவியாகி வெளியே வருகிறது. (தண்ணீர் கசிந்தாலும் வெள்ளையாக வரும், கண்ணை எரிக்கும் டீசல் வாடை இருக்கிறதா என்று முகர்ந்து பிரிப்பார்கள்.) அதாவது, மிஸ்ஸிங்கின் வெள்ளைப்புகை நெருப்புக்கு அடையாளமல்ல, நெருப்பு இல்லை என்பதற்கு அடையாளம். மணிமேகலை போலி என்று ஒதுக்கிய ஆவி, பட்டறையில் நல்ல ஏதுவாகிறது. புகை எங்கோ அங்கே நெருப்பு என்ற பொதுவிதியை மனப்பாடமாக வைத்திருப்பவன் இங்கே தோற்பான். எந்தப் புகை, எந்த நேரத்தில், என்ன வாடையோடு என்று கேட்பவன் பிழைப்பான்.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தையும் இங்கே நினைக்கலாம். நோய், நோயின் காரணம், தணிக்கும் வழி என்ற அந்த வரிசை எல்லோருக்கும் தெரியும். அதிகாரத்தின் கடைசிக் குறளை அவ்வளவாக யாரும் எடுப்பதில்லை. மருத்துவத்துக்கு நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு நான்காவதாகப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவனையும் அது சேர்க்கிறது. நான் சொன்ன கதையில் அந்த நான்காமவன் கிளீனர் பையன். நாசில் சர்வீஸ் செய்தவர்கள் முதல் மூன்றோடு நின்றுவிட்டார்கள்.

7

இனி, நம் கோட்பாட்டாளர்களிடம் வருவோம். லெவி ஸ்ட்ராஸ் 1962-இல் எழுதிய நூலில் எஞ்சினீயர் ஒருபுறம், கையில் கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்டுச் சமாளிப்பவன் மறுபுறம் என்று இரண்டு மனவார்ப்புகளைப் பிரித்துக் காட்டினார். எண்பதுகளின் இறுதியில் அமைப்பியலை வரவேற்றவர்கள் இந்த எதிர்வையும் சேர்த்தே வரவேற்றார்கள். நம்மூர் மெக்கானிக்கைப் பார்த்தவுடன் அவனை இந்த இரண்டாமவன் என்று அடையாளம் காண்பது எளிது. டியூப் துண்டை வெட்டி வாஷராக்குபவன்தானே. இந்த அடையாளம் பாராட்டுப்போலத் தோன்றினாலும் கருத்தமைப்பை எஞ்சினீயரிடம் விட்டுவிட்டு மெக்கானிக்குக்குச் சாமர்த்தியத்தை மட்டும் தருகிறது. நாசிலை மாற்றிப்போட்டுப் பார்ப்பது சாமர்த்தியமல்ல, சோதனை. பழுது ஊர் சுற்றினால் காரணம் பொதுவில் இருக்கிறது என்று முடிவுக்கு வருவது சமாளிப்பல்ல, அனுமானம்.

கார்லோ கின்ஸ்பர்க் 1979-இல் எழுதிய தடயங்கள் பற்றிய கட்டுரை இதைவிட நெருங்கி வருகிறது. ஓவியத்தின் காதுமடலையும் நகத்தையும் பார்த்து ஓவியனைக் கண்டுபிடித்த மொரெல்லி, ஃப்ராய்ட், ஷெர்லாக் ஹோம்ஸ் ஆகியோரை ஒரே அறிவு முறையின் கீழ் அவர் கொண்டுவருகிறார். அதன் வேரில் மிருகத்தின் காலடியைப் படிக்கும் வேட்டைக்காரன் இருக்கிறான். ஆனால் கின்ஸ்பர்க்கின் வேட்டைக்காரன் தடயத்தைப் படிப்பவன் மட்டுமே. மிருகத்தை நிறுத்தி, காலை மாற்றிப்போட்டு, திரும்ப நடக்கவிட்டுப் பார்ப்பவன் அல்ல. பட்டறை படிக்கவும் செய்கிறது, குறுக்கிடவும் செய்கிறது.

ஃபூக்கோ 1963-இல் எழுதிய மருத்துவமனையின் பிறப்பு பற்றிய நூல், ‘உனக்கு என்ன செய்கிறது?’ என்ற மருத்துவனின் பழைய கேள்வி ‘எங்கே வலிக்கிறது?’ என்று மாறியதை ஒரு பெரும் உடைவாகக் காண்கிறது. நோய் கதையாக இருந்தது போய் உடலில் ஓர் இடமாக ஆயிற்று. நமது வண்டியின் மூன்று மாதத்தை இந்த உடைவைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். முன்பு பார்த்தவர்கள் எல்லோரும் ‘எங்கே?’ என்று கேட்டார்கள். நாசில், பம்பு, ஹெட் என்று இடங்களைத் திறந்தார்கள். கம்பெனிகள் அச்சிடும் கையேடுகளிலும் பழுது, காரணம், தீர்வு என்று மூன்று பத்தி அட்டவணைதான் இருக்கும். அதில் காலம் என்ற பத்தி இல்லை. ஆசான் ‘எப்பம்லே?’ என்று கேட்டார். அதன் பிறகுதான் இடம் கிடைத்தது.

8

இப்போது, தள்ளிவைத்த ஆசைக்கு வருகிறேன். மெக்கானிக்கின் காது சிற்பியின் காதிலிருந்து வந்தது, மண்ணிலேயே இருக்கிறது, ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது என்றெல்லாம் எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும். அது பொய்யாகவும் இருக்கும். ரத்தத்தில் ஊறிய திறமை என்பது சாதி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை. அதையே பாராட்டாகத் திருப்பிச் சொல்லும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, கற்றுக்கொள்ளப்பட்ட ஒரு தர்க்கத்தை இயல்பூக்கமாகக் குறைத்துவிடுகிறோம். யோசித்தான் என்று சொல்வதற்குப் பதில் உணர்ந்தான் என்கிறோம். இரண்டு, அது எப்படிக் கற்றுக்கொள்ளப்பட்டது என்ற கேள்வியை மூடிவிடுகிறோம்.

எப்படிக் கற்றுக்கொள்ளப்பட்டது? பத்து, பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடம் நின்ற பையன்கள் பட்டறையில் சேர்க்கப்பட்டார்கள். சம்பளம் இல்லை, சாப்பாடும் டீயும், சில இடங்களில் வாரக் கடைசியில் சில்லறையும். மண்ணெண்ணெயில் நட்டும் போல்ட்டும் கழுவுவது முதல் வருஷம். தவறான ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தால் அதே ஸ்பேனர் தலையில் விழும். 1961-இன் தொழிற்பழகுநர் சட்டம் இந்தப் பையன்களைத் தொடவில்லை. 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும் வெகுகாலம் பட்டறைகளில் அவர்கள் இருந்தார்கள். ஆசானின் தர்க்கம் இந்த வன்முறையின் வழியாகத்தான் கைமாறியது. அறிவைக் கொண்டாடுகிறவர்கள் இதை மறைக்கக்கூடாது. இதைச் சொல்கிறவர்கள் அறிவை மறுக்கவும் கூடாது.

மயிலாடியில் இதற்குக் கூடுதலாக ஒரு பொருள் உண்டு. இந்த ஊரில் பள்ளிக்கூடம் என்பது சாதாரணச் சொல் அல்ல. எழுத்து கிடைத்தது இங்கே ஒரு விடுதலை. அந்த விடுதலையின் மறுபக்கமாக, எழுத்துக்குள் வராத கைவேலை பின்தங்கியதாக எண்ணப்படும் மனநிலையும் வளர்ந்தது. படித்தவன் உத்தியோகத்துக்கு, படிக்காதவன் பட்டறைக்கு. 1818-இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மீட்டின் காலத்திலேயே இப்பகுதியில் மிஷன் அச்சுக்கூடம் ஓடியது. அதற்குப் பின் இருநூறு வருஷத்தில் இங்கே அச்சேறாத விஷயம் இல்லை. டீசல் பம்பைப் பிரித்துப் பூட்டிய ஒருவரின் பழுது நாட்குறிப்பை மட்டும் நான் அச்சில் பார்த்ததில்லை. தமிழ் எம்.ஏ. பாடத்தில் நான் ஏதுப் போலிகளைப் படித்தேன். அவற்றை அன்றாடம் பயன்படுத்தும் ஓரிடம் நாலு கிலோமீட்டரில் இருப்பதை அந்தப் பாடம் சொல்லவில்லை.

9

இந்தக் கேள்விகளுக்கு இன்று ஓர் அவசரம் வந்திருக்கிறது. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பி.எஸ். 4, 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தன. புதிய லாரிகளில் ஆறு சிலிண்டருக்கும் பொதுவான உயரழுத்தக் குழாயிலிருந்து எண்ணெய் போகிறது. அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல். ஓடும்போது நட்டைத் தளர்த்தினால் தூறல் கையைத் துளைத்து உள்ளே போய்விடும். பழைய சோதனையை அப்படியே செய்வது உயிராபத்து. அதற்குப் பதிலாக ஸ்கேனர் வந்திருக்கிறது. குறிப்பிட்ட சிலிண்டர் தவறினால் அதற்கோர் எண். எந்தச் சிலிண்டரிலும் நிற்காமல் தவறினால் பி 0300. இந்த எண் சொல்வதைத்தான் ஆசான் நட்டுகளைத் தளர்த்தி அறிந்தார். எண் அதற்குமேல் சொல்லாது. எண்ணெய் பாதிக்குக் கீழே இறங்கினால்தான் தொடங்குகிறது என்று எண்ணுக்குத் தெரியாது. அதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

ஸ்கேனர் எதிரி என்று நான் சொல்லவில்லை. ஸ்பேனர் தலையில் விழாமல் கற்றுக்கொள்ள ஒரு வழி திறக்குமென்றால் அது நல்லதே. சிக்கல் வேறு. சோதனைக் கருவி பட்டறையில் இருந்தபோது பழுதறியும் உரிமையும் பட்டறையில் இருந்தது. மென்பொருளும் அதன் கடவுச்சொல்லும் கம்பெனியிடம் இருக்கும்போது பழுதறிதலே கம்பெனியின் சொத்தாகிறது. 2022 ஜூலையில் இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழு அமைத்தது. வாகனங்களும் அதன் வரம்பில் வந்தன. அங்கே பேசப்பட்டது நுகர்வோரின் உரிமை. பழுதுபார்ப்பவனின் உரிமையை யார் பேசுவது? மறுபுறம் 2021-இல் அறிவிக்கப்பட்ட வாகனக் கழிப்புக் கொள்கை பழைய வண்டிகளைத் தகுதிச் சோதனையின் வழியே உடைப்புக்கு அனுப்புகிறது. புகையைப் பார்த்தால் அதில் நியாயமும் உண்டு. ஆனால் வண்டி உடைபடும்போது அதோடு சேர்த்து ஓர் ஆவணக் காப்பகமும் உடைபடுகிறது. அந்தக் காப்பகம் ஆட்களின் ஞாபகத்தில் இருக்கிறது, இரும்பில் அல்ல.

ஆகவே இந்தக் கட்டுரையின் முடிவு ஒரு வேலைத்திட்டம். மாவட்டத்துக்குப் பத்துப் பட்டறை, பட்டறைக்கு ஐந்து பழுது என்று தொகுக்கலாம். ஒவ்வொரு பழுதுக்கும் ஆறு கேள்வி போதும். எப்போது தவறியது, எப்போது தவறவில்லை? முதலில் யார் கவனித்தது? எதை மாற்றினார்கள், எதை மாற்றாமல் வைத்தார்கள்? எந்த வைத்தியம் பலித்ததுபோல ஏமாற்றியது? கடைசியில் காரணம் எங்கே இருந்தது? அதை அவர்கள் எந்தச் சொல்லால் சொன்னார்கள்? நாட்டார் பாடல்களைத் தொகுக்கப் போன தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. டேப் ரெக்கார்டரோடு வயலுக்கும் மயானத்துக்கும் போனார்கள். இப்போது கையடக்கப் போனே போதும். ஆசான்களுக்கு எழுபது வயது தாண்டிக்கொண்டிருக்கிறது. கிளீனர் பையனிடமும் கேட்க மறக்கக்கூடாது.